கோடைக்கு மட்டும் ஒரு குழந்தை: சஹாரா அகதி முகாம் பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொள்வது பற்றி

சரகோசாக்காரி

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் ஸ்பெயினில் சரகோசாவில் இருக்கிறோம். மகளுக்கு 9 வயது. அவளுடைய வகுப்புத் தோழி வீட்டில் கோடை வந்தால் சஹாரா அகதி முகாமிலிருந்து ஒரு பையன் வந்து ஜூலை, ஆகஸ்ட் முழுக்கத் தங்குகிறான். திட்டத்தின் பெயர் ‘வக்காசியோனெஸ் என் பாஸ்’, அமைதியில் விடுமுறை என்று அர்த்தம். போன வாரம் அதை நடத்தும் சங்கத்துக்காரர்கள் பள்ளிக்கு வந்து பேசினார்கள். இந்த வருஷம் குடும்பங்கள் போதவில்லை, பட்டியலில் இருக்கும் பிள்ளைகள் பலருக்கு இன்னும் வீடு அமையவில்லை என்றார்கள். கேட்டதிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது.

தயக்கங்களையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் மாடியில் இரண்டு படுக்கையறை வீடு. சமையல் சைவம், முட்டை உண்டு. கோடையில் மாமியார் ஊரிலிருந்து வந்திருப்பார். எங்களுக்கே ஸ்பானிஷ் சுமார்தான். எல்லாவற்றுக்கும் மேலே, இரண்டு மாசம் கூடவே இருந்த பிள்ளையை விமானம் ஏற்றி விட்டுவிட்டு வருவதை என் மகள் எப்படித் தாங்குவாள்? அந்தப் பிள்ளைதான் எப்படித் தாங்கும்? யாராவது செய்திருந்தால் சொல்லுங்கள்.

ஆற்றங்கரை (செவில்)

நாங்கள் வைத்திருக்கிறோம். முதலில் ஒரு சிறுமி வந்தாள். அவளுக்கு வயது கடந்த பிறகு அவள் தம்பி வருகிறான். கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பின்னணி தெரியாமல் இதில் இறங்க வேண்டாம். மேற்கு சஹாரா 1975 வரை ஸ்பெயினின் காலனி. இங்கே ஃபிராங்கோ மரணப் படுக்கையில் கிடந்த நேரத்தில், அந்த நவம்பரில், மொராக்கோ மூன்றரை லட்சம் பேரைத் திரட்டி எல்லைக்குள் நடத்தி அனுப்பியது. ஸ்பெயின் நிலத்தை மொராக்கோவிடமும் மௌரித்தானியாவிடமும் விட்டுவிட்டு வெளியேறியது. போருக்குத் தப்பி ஓடிய சஹ்ராவி மக்கள் அல்ஜீரியாவுக்குள் திந்தூஃப் பக்கம் போய்க் கூடாரம் அடித்தார்கள். 1991இல் போர்நிறுத்தம் வந்தது. தனிநாடா, மொராக்கோவோடு சேர்வதா என்று வாக்கெடுப்பு நடத்தித் தருவதாக ஐ.நா. சொன்னது, இன்றுவரை நடக்கவில்லை. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். ஸ்மாரா, அவுசெர்த், எல் அயூன், பூஜ்தூர், தாக்லா என்று விட்டுவந்த ஊர்களின் பெயரையே முகாம்களுக்கு வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டுக்கு வரப்போகும் பிள்ளையின் தாத்தாவோ பாட்டியோ ஸ்பெயின் அடையாள அட்டை வைத்திருந்தவராக இருக்கலாம். அதனால் எங்கள் சங்கக் கூட்டங்களில் இதை யாரும் தானம் என்று பேசி நான் கேட்டதில்லை. இந்த நாடு பட்ட கடன் என்றுதான் பேசுவார்கள்.

கோடையில் அங்கே வெயில் 50 டிகிரியைத் தொடும். பள்ளி மூடியிருக்கும், நிழலுக்கு மரம் கிடையாது. அந்த இரண்டு மாசமும் பிள்ளைகளை வெயிலிலிருந்து எடுத்துவிடுவதுதான் முதல் நோக்கம். 1970களின் கடைசியில் சிறிதாகத் தொடங்கி, 2000களில் ஒரு கோடைக்குச் சுமார் 10,000 பிள்ளைகள் வரை வந்தார்கள். 2008 பொருளாதார நெருக்கடியில் இறங்கியது. 2020லும் 2021லும் கொரோனாவால் நின்றேபோனது. அப்போது விட்டுப்போன குடும்பங்கள் பல திரும்ப வரவில்லை. உங்கள் பள்ளிக்கு வந்து கேட்கிற அளவுக்கு ஆனது இதனால்தான்.

வயது பொதுவாக 8 முதல் 12 வரை. விமானச் செலவை நகராட்சியும் மாநில அரசும் சங்கமும் பார்த்துக்கொள்ளும். குடும்பத்துக்குப் பணம் எதுவும் தர மாட்டார்கள். சாப்பாடும் துணிமணியும் நம் பொறுப்பு. அரசு மருத்துவமனையில் இலவசமாகக் காட்டலாம். மற்றதைக் கேளுங்கள், எழுதுகிறேன்.

நேர்கேள்வி (சென்னை)

தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், யாராவது கேட்டாக வேண்டும். நீச்சல் குளம், ஐஸ்கிரீம், சைக்கிள் எல்லாம் காட்டிவிட்டு ஆகஸ்ட் கடைசியில் கூடாரத்துக்குத் திருப்பி அனுப்புவது அந்தப் பிள்ளைக்கு நல்லதா, நம் மனநிறைவுக்கு நல்லதா? அதே பணத்தை முகாமுக்கு அனுப்பினால் பத்துப் பிள்ளைகளுக்குப் பால் கிடைக்குமே. எட்டு வயதுப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து முன்பின் தெரியாத வீட்டில் இரண்டு மாதம் விடச் சொன்னால் நம்மில் யார் ஒப்புக்கொள்வோம்?

கார்க்நர்ஸ்

நான் அயர்லாந்துல, கார்க்ல இருக்கேன். இங்க இதே மாதிரி பெலாரூஸ் பிள்ளைங்க வந்துட்டிருந்தாங்க. 1986 செர்னோபில் விபத்துல கதிர்வீச்சுத் தூசி ரொம்ப விழுந்த நாடு அதுதான். அவங்களுக்கு உதவ 1991ல ஆடி ரோச்னு ஒரு அம்மா ஆரம்பிச்ச அமைப்பு இந்த ஊர்லதான் இருக்கு. அந்தப் பிள்ளைங்க ஐரிஷ் வீடுகள்ல சில வாரம் தங்கிட்டுப் போவாங்க. மண்ணுல கிடக்கிற சீசியம் 137ங்கிற கதிர்வீச்சுப் பொருள், காளான், காட்டுப்பழம், பால் வழியா உடம்புக்குள்ள போகும். சுத்தமான சாப்பாடு கிடைக்கிற இடத்துல இருந்தா அது மெல்ல வெளியேறும், பெரியவங்களை விட சின்னப் பிள்ளைங்களுக்கு வேகமா. சில வாரத்துல என்ன ஆகிடும்னு கேட்டா, உடம்புல அதோட அளவு குறையும்னு ஒரு நர்ஸா நான் சொல்வேன்.

ஆனா ஒரு எச்சரிக்கை. 2006ல இத்தாலியில ஒரு தம்பதி, பெலாரூஸ் காப்பகத்துலேருந்து வந்த சிறுமியைத் திருப்பி அனுப்ப மாட்டோம்னு ஒளிச்சு வெச்சுட்டாங்க. அங்க அவளைக் கொடுமைப்படுத்துறாங்கன்னு காரணம் சொன்னாங்க. விஷயம் ரெண்டு அரசாங்கத்துக்கு நடுவுல போயிடுச்சு. 2008ல அமெரிக்காவுக்குப் போன ஒரு பொண்ணு திரும்பாம போனதும் பெலாரூஸ் இந்தப் பயணங்களையே நிறுத்தி வெச்சது. அயர்லாந்து அரசு தனியா ஒப்பந்தம் போட்டுத்தான் இங்க திரும்ப வர முடிஞ்சது. ஒரு வீட்டுக்காரங்க பாசத்துல எடுக்கிற முடிவு ஆயிரம் பிள்ளைங்க வர்ற வழியை அடைச்சிடும். இதை மனசுல வெச்சுக்கிட்டு இறங்குங்க.

சரகோசாக்காரி

பயமுறுத்தினாலும் தேவையான தகவல், நன்றி. ஆற்றங்கரை அக்கா, சாப்பாடு, தூக்கம், உடம்பு, இதையெல்லாம் எப்படிச் சமாளித்தீர்கள்? சைவம் என்று சொன்னால் விண்ணப்பத்தைத் தள்ளிவிடுவார்களா?

ஆற்றங்கரை (செவில்)

சைவம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தாய் தகப்பனிடம் கேட்டுப் பார்த்துத்தான் பிள்ளையைச் சேர்ப்பார்கள். அவர்கள் இஸ்லாமியர்கள், பன்றிக்கறி கூடாது. உங்கள் வீட்டில் அந்தக் கவலையே இல்லை. கடையில் வாங்கும் மிட்டாயில் மட்டும் பன்றி ஜெலட்டின் இருக்கலாம், பார்த்து வாங்குங்கள். ஆனால் பருப்பும் சோறும் கொடுத்தால் போதும் என்று நினைத்துவிட வேண்டாம். முகாமில் நிவாரணப் பொருளாக வருவதே மாவு, அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரைதான். அங்கே அருமையாக இருப்பவை பழம், காய்கறி, பால், முட்டை. அவற்றைத் தாராளமாகக் கொடுங்கள். கறி சாப்பிட ஆசைப்பட்டால் வாரம் ஒருமுறை அந்தத் தோழி வீட்டில் சாப்பிடட்டுமே.

இப்போது முக்கியமான ஒன்று. சஹ்ராவி பிள்ளைகளிடம் சீலியாக் நோய் மிக அதிகம். கோதுமையில் இருக்கும் குளூட்டன் குடலுக்கு ஒத்துக்கொள்ளாத நோய் அது. 1999இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், சுமார் ஆயிரம் பிள்ளைகளைச் சோதித்ததில் 5.6 சதவீதம் பேருக்கு இருந்தது. ஐரோப்பாவில் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவுதான். நிவாரணமாக வருவதே கோதுமை மாவு என்னும்போது அந்தப் பிள்ளைகளின் நிலையை யோசித்துப் பாருங்கள். வயிறு உப்பி, வளர்த்தி குன்றி, பெரும்பாலும் என்ன நோய் என்றே தெரியாமல் வருவார்கள். இங்கே இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அப்படி ஒரு பிள்ளைக்கு நம் சமையலறையைப் போல வசதியான இடம் இந்த ஊரில் கிடையாது. இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு, பொங்கல், அரிசியில் செய்தால் எதிலும் குளூட்டன் இல்லை. சப்பாத்தி, ரவை, சேமியா கூடாது. பலருக்குத் தெரியாதது பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத் தூளில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். சாம்பாரில் ஒரு சிட்டிகை போட்டாலும் அந்தப் பிள்ளைக்கு ஆகாது. டப்பாவின் பின்பக்கம் படித்துப் பாருங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

வந்த முதல் வாரத்திலேயே கண், பல், இரத்தம் மூன்றையும் பார்த்துவிட வேண்டும். அங்கே தண்ணீரில் அயோடின் மிகுதி என்பதால் தைராய்டுக்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். மூக்குக்கண்ணாடி தேவையென்றால் ஜூலையிலேயே போட்டுவிட்டால் போவதற்குள் பழகிவிடும். எங்கள் வீட்டுச் சிறுமி படிப்பில் மந்தம் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். அவளுக்குக் கரும்பலகையே தெரிந்திருக்கவில்லை.

மூன்றாம் மாடி என்கிறீர்கள். மாடியும் லிப்டும் இல்லாத சமவெளியில் வளர்ந்த பிள்ளைக்கு உயரத்தின் ஆபத்து தெரியாது. ஜன்னலுக்கும் பால்கனிக்கும் பூட்டுப் போடுங்கள். சாலையில் கையை விடாதீர்கள். நீச்சல் குளத்திலும் கடலிலும் ஒரு நொடிகூடக் கண்ணை எடுக்கக் கூடாது. அவர்களுக்கு நீந்தத் தெரியாது, பயமும் கிடையாது. சங்கக் கூட்டத்தில் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவார்கள். இரண்டு மாசத்தில் எதற்காவது கவலைப்பட வேண்டும் என்றால் இதற்குத்தான் கவலைப்பட வேண்டும்.

தூக்கம்: கட்டிலில் படுக்க மாட்டார்கள், குறைந்தது முதல் சில இரவுகள். கீழே மெத்தை விரித்துப் படுப்பதுதான் பழக்கம். உங்கள் மாமியாரும் பாயில் படுப்பவர் என்றால் இருவரும் ஒரே அறையில் நன்றாகத் தூங்குவார்கள். மொழி பற்றிக் கவலை வேண்டாம். வீட்டில் ஹசானியா அரபி பேசினாலும் பள்ளியில் ஸ்பானிஷ் படிக்கிறார்கள். உங்களைவிடச் சீக்கிரம் பேசிவிடுவார்கள். முதல் வாரம் சாயங்கால வேளைகளில் அழுகை வரும். முகாமில் இப்போது இணையம் உண்டு. அம்மாவைப் போனில் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டு நீங்கள் அறையைவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

மண்டபம்90

நேர்கேள்வி சார், உங்க கேள்விக்கு நான் பதில் சொல்றேன். எங்க அப்பா அம்மா 1990ல மன்னார்லேருந்து படகுல வந்தவங்க. நான் மண்டபம் முகாமில பிறந்து வளர்ந்தவன். மே மாச லீவுக்கு மதுரையில ஒரு குடும்பம் என்னையும் தங்கச்சியையும் அழைச்சிட்டுப் போவாங்க. அப்பா முகாம் அதிகாரிகிட்ட எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கணும். ஒரே அறையில ஆறு பேர் இருந்த எங்களுக்கு அந்த வீட்டு மொட்டை மாடி எவ்வளவு பெருசுன்னு உங்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டது அங்கதான். நூலகம்னு ஒண்ணு இருக்குன்னு பார்த்ததும் அங்கதான்.

திரும்பி வந்ததும் அழுதோம். ஒரு வாரம் அம்மா சமைச்சது பிடிக்காது. அப்புறம் சரியாயிடும். முகாம்ல வாழ்றவனுக்கு முகாம் எப்படிப்பட்ட இடம்னு ஏற்கெனவே தெரியும், அதை மறைச்சு வெச்சா வலிக்காதுன்னு வெளியில இருக்கிறவங்கதான் நினைக்கிறாங்க. எனக்கு வலிச்சது வேற. ஒரு வருஷம் அவங்க வரல. கடிதமும் இல்ல. பையைக் கட்டி வெச்சுக்கிட்டு லீவு முடியிற வரை காத்திருந்தோம். அவங்களுக்கு என்ன கஷ்டமோ, இன்னிக்கும் எனக்கு அவங்க மேல மரியாதைதான். ஆனா சகோதரி, ஒரு வருஷம் முடியலேன்னா முடியலேன்னு பிள்ளைகிட்டயே சொல்லிடுங்க. ‘பார்க்கலாம்’னு மட்டும் சொல்லாதீங்க.

நேர்கேள்வி (சென்னை)

மண்டபம்90, இதற்கு மேல் அந்தக் கேள்வியை நான் கேட்க மாட்டேன். உங்களுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது.

இன்னொன்று மட்டும் உறுத்துகிறது. தேடிப் படித்ததில் இந்தப் பிள்ளைகளை ‘அமைதியின் குட்டித் தூதர்கள்’ என்று அழைக்கிறார்கள். நகராட்சி மன்றத்தில் வரவேற்பு, கையில் சஹ்ராவி கொடி, படம். ஒரு மக்களின் அரசியல் பாரத்தை எட்டு வயதுத் தோளில் ஏற்றுவது சரியா?

ஆற்றங்கரை (செவில்)

நியாயமான கேள்வி. எனக்கும் அந்த வரவேற்புகள் முழுக்க ஒப்புதல் இல்லை. பிள்ளை களைத்திருந்தால் நாங்கள் அழைத்துப் போவதில்லை, யாரும் வற்புறுத்தியதும் இல்லை. ஆனால் அந்தக் கொடியை அவர்கள் இங்கே வந்து கற்றுக்கொள்ளவில்லை. அரசியலால் பிறந்த முகாமில் பிறந்த பிள்ளைகள் அவர்கள். 2022 மார்ச்சில் மேற்கு சஹாராவைத் தனக்குள்ளேயே தன்னாட்சிப் பகுதியாக வைத்துக்கொள்ளும் மொராக்கோவின் திட்டத்துக்கு ஸ்பெயின் அரசு ஆதரவாகத் திரும்பியபோது முகாமில் எவ்வளவு கசப்பு இருந்திருக்கும்! அதே ஆண்டு ஜூலையில் அந்தத் தாய்மார்கள் இதே நாட்டுக் குடும்பங்களை நம்பிப் பிள்ளைகளை அனுப்பினார்கள். அரசு வேறு, குடும்பங்கள் வேறு என்று அவர்களுக்குத் தெளிவாகத் தெரிகிறது.

‘தாயிடமிருந்து பிரிப்பது’ என்றீர்களே, நாங்கள் முகாமுக்கே போய் அந்தத் தாயைப் பார்த்தோம். ஈஸ்டர் விடுமுறையில் இங்கிருந்து குடும்பங்கள் சேர்ந்து திந்தூஃபுக்கு விமானத்தில் போவார்கள், பிள்ளையின் வீட்டிலேயே தங்கலாம். கூடாரத்துக்குப் பக்கத்தில் மண்கல் வைத்துக் கட்டிய சின்ன அறை. 2015 அக்டோபர் மழையில் அப்படிப்பட்ட வீடுகள் ஆயிரக்கணக்கில் கரைந்து போயின, இவர்களுடையதும் போய்த் திரும்பக் கட்டியது. தேநீர் மூன்று சுற்று வரும், முதல் சுற்று கசப்பு, அடுத்தடுத்து இனிப்பு ஏறும். மூன்றும் குடிக்காமல் எழுந்தால் மரியாதை இல்லை. அந்த அம்மா என்னிடம் நன்றி என்று ஆரம்பிக்கவே இல்லை. மகளுக்கு முடி ஏன் அவ்வளவு குட்டையாக வெட்டினாய் என்றுதான் கேட்டார். எனக்கு அது பிடித்திருந்தது. நாத்தனாரிடம் கேட்பது போல உரிமையாகக் கேட்டார்.

என் நிலைப்பாடு இதுதான், மற்ற ஸ்பானிஷ் குடும்பங்களிடமும் இதைத்தான் வாதிடுவேன். பிள்ளைக்கு அம்மா இருக்கிறாள், அப்பா இருக்கிறார், பேர் வைத்த பாட்டி இருக்கிறாள். நாம் லீவுக்குப் போகிற அத்தை வீடு. அத்தை செல்லம் கொடுக்கலாம், பல் வைத்தியம் பார்க்கலாம், புதுச்சட்டை வாங்கலாம். ‘இங்கேயே இருந்துவிடுகிறாயா’ என்று பிள்ளையிடம் கேட்கக் கூடாது. விளையாட்டுக்குக்கூடக் கேட்கக் கூடாது. இங்கே தங்கிப் படிக்க வைப்பதற்குப் பள்ளியாண்டுத் திட்டம் தனியாக உண்டு. அதைப் பெரியவர்கள் தாய் தகப்பனோடு பேசி முடிவு செய்யட்டும்.

திரும்பும்போது கொண்டுபோகும் பெட்டிக்கு எடைக் கட்டுப்பாடு இருக்கும். என்ன வைக்கலாம் என்று அம்மாவிடமே கேளுங்கள். நாங்கள் பொம்மை அடுக்கிக்கொண்டிருந்தோம், அவர் கேட்டது நல்ல செருப்பும் பாட்டிக்கு மூட்டு வலித் தைலமும்.

எடிசன்அப்பா

நியூ ஜெர்சியிலிருந்து. அமெரிக்காவில் இதற்கு நீண்ட கதை உண்டு. 1877இல் பென்சில்வேனியாவின் ஷெர்மன் என்ற சிற்றூரில் வில்லார்ட் பார்சன்ஸ் என்ற போதகர், நியூயார்க் சேரிப் பிள்ளைகளைக் கோடையில் உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று தன் சபையாரிடம் கேட்டார். அதிலிருந்து வந்ததுதான் ஃபிரெஷ் ஏர் ஃபண்ட், இன்றும் நடக்கிறது. அதன் மேல் வரலாற்றாய்வாளர்கள் வைத்த விமர்சனத்தையும் படித்திருக்கிறேன். பின்னாட்களில் வந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் பிள்ளைகள், வரவேற்றவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். போக்குவரத்து பெரும்பாலும் ஒருவழிதான், வெள்ளைப் பிள்ளைகள் நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹார்லெமுக்கு விடுமுறைக்குப் போனது அரிது. ஆற்றங்கரை அம்மா முகாமுக்குப் போய்த் தங்கியதைப் படித்ததும் இதுதான் நினைவுக்கு வந்தது.

நம் ஆட்களுக்கென்று ஒன்று சொல்கிறேன். வந்த பிள்ளையைக் காட்டி நம் பிள்ளைக்குப் பாடம் நடத்தக் கூடாது. ‘பார், அவனுக்கு இதெல்லாம் இல்லை, நீ தட்டில் மிச்சம் வைக்கிறாய்’ என்று நம் வாயில் சட்டென்று வந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு மொழி புரியாவிட்டாலும் முகம் புரியும்.

பாலக்காட்டெல்லை

இதைப் படித்துவிட்டு, நம் ஊரிலும் காப்பகப் பிள்ளையை லீவுக்கு வீட்டுக்கு அழைக்கலாமா என்று இரண்டு பேர் தனிமடலில் கேட்டார்கள். குழந்தைகள் பாதுகாப்புத் துறையில் வேலை செய்த அனுபவத்தில் பொதுவில் சொல்லிவிடுகிறேன். காப்பகத்தில் தெரிந்தவர் இருக்கிறார் என்று நேரே போய் அழைத்து வருவது கூடவே கூடாது. 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 44ஆம் பிரிவில் வளர்ப்புப் பராமரிப்புக்கு வழி இருக்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும், வீட்டை வந்து பார்ப்பார்கள், குழந்தைகள் நலக் குழு உத்தரவு போட வேண்டும். கேரளத்தில் பள்ளி விடுமுறைக்கு மட்டும் என்றே இதை நடத்துகிறார்கள். தமிழ்நாட்டில் உங்கள் மாவட்ட அலகில் கேளுங்கள். இன்னொன்று, அதே சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி அந்தப் பிள்ளையின் படத்தையோ அடையாளத்தையோ வெளியிடுவது குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிறந்தநாள் கேக் வெட்டும் படத்தை வாட்ஸப் ஸ்டேட்டஸில் போடுவதும் இதில்தான் வரும்.

சரகோசாக்காரி

எல்லாப் பதிவையும் வீட்டுக்காரருக்கும் மாமியாருக்கும் வாசித்துக் காட்டினேன். அத்தை பெருங்காய டப்பாவை எடுத்துப் பார்த்தார், மைதா என்று இருந்தது. ஊரிலிருந்து கட்டிப் பெருங்காயம் வாங்கி அனுப்பச் சொல்கிறேன் என்றார். அதுவும் என்ன கலந்தது என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். மகளிடம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னோம்: ஆகஸ்ட் கடைசியில் அந்தப் பிள்ளை அவள் வீட்டுக்குப் போவாள், நீ அழுவாய், நாங்களும் அழுவோம். ‘அப்போ போன்ல பேசலாம்தானே’ என்றாள்.

விண்ணப்பம் கொடுத்துவிட்டோம். பெண் குழந்தை என்று கேட்டிருக்கிறோம். வீட்டைப் பார்க்க வருகிறார்கள். என்னென்ன காகிதம் எடுத்து வைக்க வேண்டும்?

ஆற்றங்கரை (செவில்)

மிகவும் சந்தோஷம்! பாலியல் குற்றப் பதிவில் பெயர் இல்லை என்ற சான்றிதழ் வீட்டில் இருக்கும் பெரியவர்கள் எல்லோருக்கும் கேட்பார்கள். மாமியார் விருந்தினராக வந்திருந்தாலும் அவருக்கும் வேண்டுமா என்று சங்கத்தில் இப்போதே கேட்டுவிடுங்கள், வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்குத் தாமதம் ஆகலாம். உங்கள் இருவரின் வசிப்பிட அட்டை ஆகஸ்ட் முடியும்வரை செல்லுபடியாக இருக்கிறதா பாருங்கள். பால்கனிக் கதவுக்குப் பூட்டு வாங்கியாச்சா?

சரகோசாக்காரி

சனிக்கிழமை போடுகிறார்கள். ஜன்னல்களுக்கும் சேர்த்து.